எல்லா விளக்கும் பச்சையாக எரிந்த வாரம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்ணை நேரில் பார்த்தால் எல்லாரும் ‘டீச்சர்’ என்பார்கள். முதுகு திரும்பினால் ‘வக்கீலம்மா’. காரணம் இல்லாமல் இல்லை. படிக்க வந்தவன் கிளச்சைப் படக்கென்று விட்டு நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டால், மற்ற டீச்சர்கள் ஒரு அதட்டு அதட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவள் அதட்டியும் முடித்துவிட்டு, “சரி, விடறதுக்கு முன்னாடி உன் காலுக்கு என்ன தோணிச்சு? அதைச் சொல்லு” என்று உட்கார்ந்துவிடுவாள். பின்னால் நிற்கிறவர்கள் ஹார்ன் அடித்தே ஓய்ந்துபோனாலும் பதில் வராமல் வண்டி நகராது. புரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவளால் ஒரு வாய் சாப்பிட முடியாது. பிறவிக் குணம், யார் என்ன செய்வது!

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் ஒரு சிக்னல்காரன். தெருமுனைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி நிற்குமே, நாம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பெட்டி, அதைத் திறந்து சிவப்பு, மஞ்சள், பச்சையைப் பழுதுபார்க்கிற வேலை அவனுக்கு. மார்க்கெட் முனையில் அவன் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தபோதுதான் இவள் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

“ஏங்க, இந்தப் பச்சை எரியுதா, கண்ணடிக்குதா? என் பசங்க கியர் போடறதுக்குள்ள சிவப்பாயிடுது!”

அவன் பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுத்தான். அவளுடைய மாணவர்கள் திண்டாடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். மறுநாள் அந்தப் பச்சை நீண்டிருந்தது. அதிலேயே அவள் விழுந்துவிட்டாள் என்று சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். ஆனால் விழுந்தாள். அவனும் விழுந்தான். இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. இனிமேல் யாரும் வரப்போவதில்லை என்று இரண்டு பேரும் தனித்தனியாக முடிவு செய்து வைத்திருந்த வயது.

ஒரு வருடம் போனது. ஒருநாள் டீக்கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தபோது அவன் தொண்டையைச் செருமினான்.

“கல்யாணப் பேச்சு எடுக்கறதுக்கு முன்னாடி உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். எனக்கு பைபோலார்னு ஒரு நோய். மனசு ஒரேயடியா மேல ஏறும், இல்லைன்னா ஒரேயடியா கீழ விழும். சில வருஷம் முன்னாடி ரெண்டும் ஆச்சு. ஆஸ்பத்திரியில இருந்தேன். அப்போ இல்லாததையெல்லாம் நம்பினேன். இப்ப மாத்திரை சாப்பிடறேன், வேலைக்குப் போறேன். நல்லா யோசிச்சு சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னாலும் கோபம் கிடையாது.”

வேறு யாராவது என்றால் ‘அடப்பாவமே’ என்றிருப்பார்கள். இல்லாவிட்டால் அவசரமாக வேலை இருக்கிறது என்று எழுந்திருப்பார்கள். இவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எதை நம்பினீங்க?”

அவன் கையில் இருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. இத்தனை வருடத்தில் ‘ஏண்டா இப்படிப் பண்ணினே’ என்று கேட்டவர்கள் உண்டு. அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வதற்காக யாரும் கேட்டதில்லை.

“நான் இப்ப சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல” என்றாள் அவள். “முதல்ல எனக்குப் புரியணும். சொல்லுங்க.”

சொன்னான். வேலை நெருக்கடி, தொடர்ந்து தூக்கமில்லை, ஆனால் அசதியும் இல்லை. உடம்பு காற்றாய்ப் பறந்தது. ஒரு காலையில் ஆற்றோரச் சாலையில் பைக்கில் போகிறான். முதல் விளக்கு பச்சை. அடுத்ததும் பச்சை. அதற்கடுத்ததும். சாலை முடிகிறவரை ஒன்றுகூட அவனை நிறுத்தவில்லை. ஊரே தனக்கு வழிவிடுகிறது என்று அவனுக்குப் பட்டது. ராஜா வருகிறார், விலகுங்கள் என்று விளக்குகள் சொல்லின.

“இருங்க இருங்க” என்றாள் டீச்சர். “ஆத்தோர ரோடா? அதுல சீரான வேகத்துல போனா எல்லாருக்கும் பச்சைதானே விழும்? என் பசங்களுக்கே விழுமே! ஸ்டியரிங்கையே ஒழுங்கா பிடிக்கத் தெரியாத பசங்க!”

“ஆமா. ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு பச்சை விழற மாதிரி அந்த டைமிங்கை வச்சதே நான்தான்.”

அவள் வாயைப் பிளந்தாள். “நீங்களே வச்சதைப் பார்த்து நீங்களே...”

“நானே வச்சது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், எந்த விளக்கு எப்ப மாறும்னு. அன்னைக்கும் அது மறக்கல. இது வெறும் டைமிங்தான்னு நல்லாவே தெரிஞ்சுது. ஆனா இந்த டைமிங்கை என் கையால வைக்க வச்சது யாரு? எதுக்காக? அப்பவே எனக்காகத்தானே? இப்படிப் போச்சு புத்தி.”

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அவள் அதைத் தொடவே இல்லை. ஏமாந்துபோகிறவர்களை அவளுக்குத் தெரியும், தெரியாததால் ஏமாறுகிறவர்கள். தெரிந்தே ஒருவன் எப்படி நம்புவான்? வித்தை காட்டுகிறவன் தன் வித்தைக்குத் தானே கைதட்டுவானா? வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆற்றோரச் சாலைக்கே போனாள். பயிற்சிக் கார் என்பதால் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. அவன் அதில் கால் படாமல் முழங்காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஓட்டினாள். பச்சை. பச்சை. மறுபடி பச்சை. பாதித் தூரம் போவதற்குள் அவளுக்குப் புல்லரித்தது. தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

“அய்யோ, நல்லாத்தாங்க இருக்கு! இதுதானா அது?”

“இது இல்ல.”

“அப்ப என்ன வித்தியாசம்?”

அவன் யோசித்தான். “இப்ப திடீர்னு சிவப்பு விழுந்தா என்ன பண்ணுவீங்க?”

“நிப்பேன். யாராவது ரோட்டைக் கடக்க பட்டனை அழுத்தியிருப்பாங்கன்னு நினைப்பேன்.”

“எனக்கும் அன்னைக்கு சிவப்பு விழுந்துச்சு. மெயின் ரோட்டுக்கு வந்ததும் விழுந்துச்சு. அது மத்தவங்களுக்குன்னு நினைச்சேன். பச்சை விழுந்தா, நான் ராஜான்னு அர்த்தம். சிவப்பு விழுந்தா, ராஜா நிக்க வேண்டியதில்லன்னு அர்த்தம். எது வந்தாலும் பதில் ஒண்ணுதான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: “ஒரு தண்ணி லாரி வந்துச்சு. அந்த டிரைவர் பிரேக் போட்டதால இன்னைக்கு நான் உங்ககூட உக்காந்திருக்கேன்.”

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். பயந்துவிட்டாள். அந்த லாரி அவள் மாணவன் ஓட்டுகிற காராக இருந்திருந்தால்? இதை மறைத்துப் பிரயோசனமில்லை: முடியாது என்று சொல்லிவிடலாமா என்று அந்த நிமிடம் அவள் மனதில் ஓடியது. ஆனால் வாய் வேறு ஒன்றைக் கேட்டது.

“மனசு கீழே விழுந்தப்போ?”

“அது இன்னும் வேடிக்கை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இந்த ஊர்ல நடக்கற எல்லா விபத்துக்கும் நான்தான் காரணம், என்னைக் கைது பண்ணுங்கன்னு நின்னேன். ஏட்டு ஒருத்தர், ‘போன மாசம் என் மச்சான் கால் ஒடிஞ்சானே, அதுவுமா?’ன்னு கேட்டார். அதுவும்தான்னேன். ‘யோவ், அவன் குடிச்சிட்டு மாடிப்படியில உருண்டான்யா!’ன்னார். இருந்தாலும் நான்தான்னு அழுதேன். மனுஷன் டீ வாங்கிக் கொடுத்து, அக்காவுக்குப் போன் பண்ணிட்டார்.”

அவள் குபுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியபோது இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

“மேல போனா எல்லாம் உங்களுக்காக. கீழ போனா எல்லாம் உங்களால. நடுவுல ஊர்ல வேற ஆளே இல்லையா?” என்று கேட்டாள்.

“ஒருத்தரும் இருக்க மாட்டாங்க” என்றான். “அதுதான் ரொம்பப் பயம்.”

அடுத்து, அவன் மாதாமாதம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். அவன் சம்மதித்தான். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே நெற்றியடி.

“இது மறுபடியும் வருமா டாக்டர்?”

“வரலாம்.”

“எப்போ?”

“தெரியாது.”

“என்ன டாக்டர் இது! எங்ககிட்ட பிரேக் பிடிக்குமான்னு கேட்டு, நாங்க பிடிக்கலாம்னு சொன்னா விடுவீங்களா?”

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “பிரேக்கை நீங்க கழற்றிப் பார்க்கலாம், மனசை அப்படிப் பார்க்க முடியாதே” என்று சிரித்துவிட்டு, ஆற அமரச் சொன்னார். “இல்லாததை நம்பறது, யாரோ பேசற மாதிரி கேக்கறது, இதெல்லாம் இவருக்கு மனசு உச்சிக்குப் போனப்பவும் பாதாளத்துக்குப் போனப்பவும் மட்டும்தான் வந்தது. மனசு சமமானதும் போயிடுச்சு. அது ஒரு தடவை வந்துட்டதாலயே எதிர்காலம் பாழ்னு அர்த்தம் இல்ல. அதே சமயம், இது திரும்பத் திரும்ப எட்டிப்பார்க்கற நோய். அதையும் மறைக்க மாட்டேன். மாத்திரையை விடாம, தூக்கத்தைக் கெடுத்துக்காம, ஆரம்பத்துலயே பிடிச்சுட்டா, வர்றது குறையும். வந்தாலும் சின்னதா வந்துட்டுப் போகலாம். நல்லா வேலை பார்த்து குடும்பம் நடத்தறவங்க எத்தனையோ பேர். அடிக்கடி விழுந்து கஷ்டப்படறவங்களும் இருக்காங்க. இவர் எந்தப் பக்கம்னு இன்னைக்கே சொல்லச் சொன்னா, நான் ஜோசியக்காரி இல்லம்மா.”

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: “திருப்தியா?”

“பாதி” என்றாள்.

மீதிப் பாதிக்கு அவன் அக்காவைத் தேடிப் போனாள். அக்காக்காரி ஒரு கண்ணாடிக்கடையில் கண் பார்த்து மூக்குக்கண்ணாடி கொடுக்கிறவள். பெற்றவர்கள் போனபிறகு தம்பியும் அவளும் ஒரே வீட்டில். வந்தது யார் என்று தெரிந்ததும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போடுகிற கனமான ஒரு சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடிவிட்டாள். அப்புறம்தான் பேச்சு.

“மூணாவது வரியைப் படி. என்ன தெரிஞ்சுக்கணும் உனக்கு?”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க அக்கா? ஆரம்பிக்குதுன்னு?”

“சிரிப்பு.” வில்லை ஒன்று டக்கென்று மாறியது. “இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா? அவன் ஒரு தடவை சிரிச்சா விட்டுடுவேன். சிரிச்சுக்கிட்டே இருந்தா போய் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பேன்.”

“அவருக்கு அது தெரியுமா?”

“தெரியும். அதனால வீட்ல அவன் சிரிக்கறதே இல்ல.”

சொன்னவளின் கை அப்படியே நின்றது. சட்டத்துக்குள் இருந்த டீச்சருக்கு எதிரே இருந்த முகம் மங்கலாகத்தான் தெரிந்தது; குரல் உடைந்தது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“நீ வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாலும் உன்மேல எனக்கு வருத்தம் வராதும்மா. நான் கூடப்பிறந்தவ, எனக்கு வேற வழி இல்ல. உனக்கு இருக்கு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு சட்டத்தைக் கழற்றினாள். “உனக்கு தூரப்பார்வை மங்கல். இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா ஊருக்குக் கார் ஓட்டச் சொல்லித் தர்றே? நல்ல கூத்து!”

கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வெளியே வந்த டீச்சர் ஒரு சபதம் செய்தாள். அந்த ஆளின் சிரிப்பை நான் ஒருநாளும் எண்ண மாட்டேன். கல்யாணமானாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி.

சபதம் செய்வது சுலபம். அந்த மாதமே ஒரு புயற்காற்று வந்து ஊரில் பாதி சிக்னல்களைச் சாய்த்துவிட்டுப் போனது. சிக்னல்காரனுக்கு வீடு மறந்தது. கம்பத்தை நிமிர்த்துவதும் ஒயரை மாற்றுவதுமாக ஓடினான். அப்படி ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு காலையில் அவள் பயிற்சி மைதானத்துக்கு வந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். சிரிக்கவில்லை. பேச்சு நிதானம். முகம் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

“மார்க்கெட் முனை விளக்கு இருக்கே, நான் வர்றேன்னு தெரிஞ்சு இன்னைக்கு முன்னாடியே பச்சையாயிடுச்சு” என்றான் மெல்ல.

டீச்சருக்கு இது ஆரம்பமா, வெறும் பேச்சா என்று தெரியவில்லை. பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. கேலியாகச் சொல்கிறவனைப் பிடித்து ‘மாத்திரை போட்டீங்களா’ என்று கேட்டால், தானும் இன்னொரு அக்காக்காரி. கேலி இல்லையென்றால், சும்மா இருப்பது துரோகம். என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தையைத்தான் செய்தாள்.

“இது ஜோக்கா, நிஜமா?”

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். மூடினான். கைப்பிடிச் சுவரை விரலால் சுரண்டினான்.

“தெரியல” என்றான் கடைசியில். “சொல்லும்போது ஜோக்குன்னுதான் நினைச்சேன். நீங்க கேட்டப்புறம்... நிஜமாவே தெரியல.”

“தூங்கினீங்களா?”

“சரியா இல்ல. ஆனா அசதியே தெரியலீங்க.” சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தைத் தானே கேட்டவன்போல் நிமிர்ந்தான்.  “டாக்டர்கிட்ட போலாமா? இப்பவே?”

அன்றைய வகுப்புகளை ரத்து செய்துவிட்டு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார், வேலைக்கு விடுப்பு எழுதிக்கொடுத்தார், தூங்க வைக்க வழி செய்தார். இந்தத் தடவை ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டியிருக்கவில்லை. அதற்காக எல்லாம் சொடுக்குப் போட்டதுபோல் சரியாகிவிடவும் இல்லை.

அவள் தினமும் வகுப்பு முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போனாள்.

“இன்னைக்கு எப்படி?”

“பாதி பாதி. எதிர்வீட்டு விளக்கு என்கிட்ட ஏதோ சொல்லுதுன்னு ஒரு பாதி சொல்லுது. அது வெறும் பல்புன்னு ஒரு பாதி சொல்லுது.”

“எது பெருசு?”

“நேத்து அது. இன்னைக்குப் பல்பு.”

ஒருநாள் எரிந்து விழுந்தான். “தினமும் வந்து வேவு பார்க்கறீங்களா? என்னை வச்சு சோதனை பண்றீங்களா?” என்று கத்தினான். அவள் காரில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். என் தலையெழுத்தா இது, இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று வீட்டுக்குப் போனாள். கோபம் ஒருபக்கம், நாளைக்கு எந்தப் பாதி பெரிதாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு மறுபக்கம். மறுநாள் போனாள். அவன் மன்னிப்புக் கேட்டான். அவள், “கேட்டா போதாது, அது எந்தப் பாதி பேசினதுன்னு சொல்லுங்க” என்றாள். அவன் யோசித்து, “ரெண்டும் சேர்ந்துதான்” என்றான். உண்மையைச் சொன்னான் என்பதால் அவள் விட்டுவிட்டாள்.

வாரங்கள் ஓடின. பல்பு பல்பாகவே நின்றது. மாத்திரையால் கை நடுக்கம் கொஞ்சம் இருந்தது, நாக்கு வறண்டது. ஆனால் ஆள் திரும்பி வந்துவிட்டான். ஒரு மதியம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு ஈரக் கையோடு அவள் எதிரில் வந்து நின்றான்.

“இப்ப கண்ணால பார்த்துட்டீங்க. இது சின்னது. இதைவிடப் பெருசாவும் வரலாம். எனக்கு அறுபது வயசாகும்போதும் வரலாம். இப்ப நீங்க வேண்டாம்னு சொன்னா அதுதாங்க நியாயம். நான் போய்க் கொஞ்சம் படுக்கறேன். நான் எழுந்திருக்கறப்ப நீங்க இல்லைன்னா, புரிஞ்சுக்கறேன்.”

உள்ளறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டான். அவள் அசையவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, லாரி ஞாபகம் வந்தது. எத்தனை கேட்டாலும் அடுத்த வருடம் எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் வருடம் மட்டுமா, அவள் வருடமும்தான். பாதித் தூரம்தான் கண்ணுக்குத் தெரியும் என்றால், பாதித் தூரம் தெரிகிற வேகத்தில்தான் போகவேண்டும். அவளுக்குப் பயம் போகவில்லை. ஆனால் அவன் எழுந்து வரும்போது தான் இங்கே இல்லை என்று நினைத்துப் பார்த்தாள். அது பயத்தைவிட மோசமாக இருந்தது.

ஜன்னலோர நாற்காலியில் அக்காக்காரி உட்கார்ந்திருந்தாள். பல ராத்திரி தூங்காததில் கண்கள் சிவந்து, கீழிமை தொங்கியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை என்றதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூங்குகிறானா, முழித்துக் கிடக்கிறானா? நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“உக்காருங்க அண்ணி” என்றாள் டீச்சர். “நான் பார்க்கறேன்.”

மூத்தவள் பாதி எழுந்தபடியே நின்றாள். “என்ன சொன்னே?”

“உக்காருங்கன்னேன்.”

“அதுக்கப்புறம்?”

“அண்ணின்னேன். ஏன், கட்டிக்கப்போறவரோட அக்காவை அப்படிக் கூப்பிடக் கூடாதா?”

அக்காக்காரி தொப்பென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, சின்னக் குழந்தை அனுமதி கேட்பதுபோல் கேட்டாள்: “அப்போ... நான் கொஞ்சம் தூங்கட்டுமா?”

“தூங்குங்க.”

டீச்சர் போய்க் கதவைத் தள்ளினாள். அவன் தூங்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். 

“ஒரு குரல் கேட்டுச்சு” என்றான். “யாரோ ‘அண்ணி’ன்னு கூப்பிட்ட மாதிரி. நிஜமா கேட்டுச்சா, இல்ல எனக்கு மட்டும்தான் கேட்டுச்சா?”

“நிஜம்தான். உங்க அக்காவுக்கும் கேட்டுச்சு. வேணும்னா அவங்களையே கேட்டுப் பாருங்க.”

அவன் எழுந்து வந்து வாசலில் நின்று எட்டிப்பார்த்தான். கேட்க முடியவில்லை. அக்கா நாற்காலியிலேயே தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, நல்ல குறட்டையோடு தூங்கிப்போயிருந்தாள்.